அர்த்தநாரி களிம்பு

மனித குலத்துக்கு ஒரு நற்செய்தி. ஆதி முதல் இன்றுவரை ஆறாமல் கிடக்கும் அத்தனை புண்களுக்கும் முடிவு கட்டும் பொருள் ஒன்று, திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் சாலையில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நிற்கும் எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில், ஐப்பசி மாதத்து நல்ல முகூர்த்தம் ஒன்றில் தோன்றியருளியது. தோற்றுவித்தவன் அடியேன். இனி உலக வரலாறு இரண்டாகப் பிரிக்கப்படும்: களிம்புக்கு முன், களிம்புக்குப் பின்.

இது நான் மைக்கில் பேசியதன் சுருக்கம். முழு உரை இதைவிட மோசம்.

என் பெயர் இளஞ்செழியன். ஐம்பது தாண்டியும் பெயரில் மட்டும் இளமை மிச்சம் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது. அந்தக் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவர். தலைவர் என்றதும் பெரிய படையை நினைத்துக்கொள்ள வேண்டாம். துறையில் என்னையும் சேர்த்து நான்கு பேர். அதில் ஒருவர் பிரசவ விடுப்பில், இன்னொருவர் எப்போதும் தேர்தல் வேலையில்.

நம் பக்கத்தில் வேதியியல் ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் சமையல்தான். ஓர் இலையைப் பறிக்க வேண்டியது, கழுவ வேண்டியது, கொதிக்கவைத்து வடிகட்ட வேண்டியது. அந்தக் கஷாயத்தை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்ற வேண்டியது. நிறம் மாறினால் நானோ துகள். மாறாவிட்டால் இன்னும் கொஞ்சம் கொதிக்கவைக்க வேண்டியது. துளசி, வேம்பு, முருங்கை, கறிவேப்பிலை எல்லாவற்றையும் எனக்கு முந்தியவர்கள் காய்ச்சி முடித்துவிட்டார்கள். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போகும் இலையைக்கூட ஆராய்ச்சி மாணவர்கள் விட்டுவைக்கவில்லை. நான் வந்து சேர்ந்தபோது மிச்சமிருந்தது வில்வம். அதையும் யாரோ காய்ச்சியிருந்தார்கள். ஆனால் அவர்கள் வெள்ளியோடு நிறுத்தியிருந்தார்கள். நான் செம்பையும் சேர்ப்பதென்று முடிவு செய்தேன்.

இரண்டு உலோகம் சேர்ந்த நானோ துகள் என்பது உண்மையிலேயே நல்ல சங்கதி. வெள்ளி கிருமியைக் கொல்லும். அளவு மீறினால் நம் உடம்பின் செல்களையும் விட்டுவைக்காது, விலையும் அதிகம். செம்பும் கிருமியைக் கொல்லும், மலிவு, புண் ஆறும் இடத்தில் புது ரத்தக் குழாய் வளரவும் உதவும். ஆனால் காற்றுப் பட்டால் களிம்பேறிக் கெட்டுப்போகும். ஒரே துகளில் இரண்டையும் சேர்த்தால் வெள்ளி செம்பைக் காக்கும், செம்பு வெள்ளியின் செலவைக் குறைக்கும், இரண்டும் சேர்ந்து கொல்கிற கிருமி தனித்தனியாகக் கொல்வதைவிட அதிகம். கல்யாணம் மாதிரி என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நம்பமாட்டார்கள். தங்கத்தையும் வெள்ளியையும் இப்படிச் சேர்த்து, அதன்மேல் ஒளி பாய்ச்சிச் சூடேற்றிக் கட்டியை எரிக்கப் பார்க்கிறார்கள். தங்கத்தோடு இரும்பைச் சேர்த்து, காந்தத்தால் இழுத்து, உடம்புக்குள் வேண்டிய இடத்தில் மருந்தை இறக்கப் பார்க்கிறார்கள். எதுவும் பொய்யில்லை. எங்கெங்கோ நல்ல ஆய்வகங்களில் கவனமான மனிதர்கள் வருடக்கணக்கில் செய்துகொண்டிருக்கிற வேலை. விஞ்ஞானத்தில் ஒரு குறையும் கிடையாது. அது என் கைக்கு வந்ததுதான் குறை.

எங்கள் தாளாளர் கோதண்டராமன் அரிசி ஆலையில் தொடங்கிக் கல்விக்கு வந்தவர். சுவரொட்டிகளில் ‘கல்விச் சூரியன்’ என்று போட்டுக்கொள்வார். நான் அவர் அறையில் போய் நின்று துகளின் வகைகளை விளக்கினேன். இரண்டு உலோகமும் மாவும் வெல்லமுமாய்ப் பிசைந்தது போலக் கலந்திருக்கலாம். கொழுக்கட்டைப் பூரணம் போல ஒன்றுக்குள் ஒன்று இருக்கலாம். பாதி இது, பாதி அது என்றும் இருக்கலாம். அதுவரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், பாதிப்பாதி என்ற இடத்தில் திறந்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க. ஒரே உருண்டை. ஒரு பாதி வெள்ளி, ஒரு பாதி செம்பு?"

"ஆமாங்க ஐயா. வெளிநாட்டுல இதுக்கு ரெண்டு மூஞ்சி இருக்கிற ஒரு ரோமாபுரி சாமி பேர வச்சிருக்காங்க."

"ரோமாபுரி சாமியா? எந்த ஊர்ல நின்னுகினு எந்த சாமிய சொல்றீங்க புரொபசரு? ஒரு பக்கம் அப்பன், ஒரு பக்கம் ஆத்தா. தீபத்தன்னிக்கி வெளிய வந்து ஆடிட்டு உள்ள போறாரே, அவரு யாரு?"

"அர்த்தநாரீஸ்வரருங்க."

"அப்பறம் இன்னா? நம்ம முன்னோருங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் கேக்கத் தெரியல."

அந்த இடத்தில் ஒரு விஞ்ஞானி என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முன்னோர்கள் அந்த உருவத்தைப் பாக்டீரியாவை மனதில் வைத்துச் செய்யவில்லை ஐயா, அதன் பொருள் வேறு, அது இதைவிடப் பெரியது என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "ஐயா பார்வையே தனிங்க."

பெயர் அப்படித்தான் வந்தது. அர்த்தநாரி களிம்பு. பெயர் வந்த பிறகு பொருளைத் தயாரித்தால் போதும் என்ற நிலை.

"தண்ணி எங்க புடிப்பீங்க?" என்றார் தாளாளர்.

"காய்ச்சி வடிச்ச தண்ணிதாங்க. லேப்லயே இருக்கு."

"அதுல இன்னா இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதுங்க. அதான் அதோட விசேஷம்."

"ஒண்ணும் இல்லாத தண்ணில இன்னா சக்தி கெடைக்கும்? எட்டு லிங்கத்து தீர்த்தம் கொண்டாறச் சொல்றேன். அதுல பண்ணுங்க."

கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள் இருப்பதும், ஒவ்வொன்றுக்கும் தீர்த்தம் இருப்பதும் ஊரறிந்தது. தாளாளரின் டிரைவர் செப்புக் குடத்தோடு புறப்பட்டார். இரண்டு குளத்தில் மொண்டவர், படியிறங்கி ஏறியதில் முட்டி வலி கண்டு, மீதிக் குடத்தைப் பாதையோரத்து போர் குழாயில் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. அத்தனை உப்பு. இதை அவர் பிறகு என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். தப்பு அவருடையதில்லை. எட்டுக் குளத்தில் எந்தக் குளத்துத் தண்ணீரானாலும் நான் வேண்டாம் என்றிருக்க வேண்டும்.

தாளாளர் கல்லூரியில் ஏற்பாடு செய்த அறிமுக விழா அன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அதன்மேல் இன்னொரு சால்வை. சால்வை போர்த்தியவனின் மூளைக்கு ரத்தம் சரியாக ஏறுவதில்லை என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. வேறு யாருடைய பங்கும் இதில் இல்லை. மேடையிலேயே மேசை போட்டுக் கண்ணாடிக் குடுவையை வைத்திருந்தோம். தீர்த்தத்தில் கரைத்த செம்பு உப்பு இளநீலமாய் இருந்தது. வில்வக் கஷாயத்தை ஊற்றினேன். பிறகு வெள்ளி நைட்ரேட்டை, கேமராவைப் பார்த்தபடி, சொட்டுச் சொட்டாக.

குடுவை முழுக்கப் பாலாய்த் திரண்டது.

கூட்டம் கைதட்டியது. யாரோ "அரோகரா" என்றார்கள். முதல் வரிசையில் ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் மைக்கைப் பிடித்து, "பார்த்தீர்களா, விபூதி நிறம்!" என்றேன்.

என் ஆராய்ச்சி மாணவி வினோதினி பக்கத்தில் வந்து குனிந்தாள். "சார், வெள்ளையா வரக்கூடாதே. மஞ்சளாவோ பழுப்பாவோ தானே வரணும்?"

"புது வகைம்மா."

"நீலம் அப்படியே மேல நிக்குது சார். காப்பர் சேரவே இல்ல போல."

"அப்பறம் பாக்கலாம்மா. போட்டோ எடுக்கறாங்க, கொஞ்சம் தள்ளி நில்லு."

மேலே நின்ற நீலத்தை, ஆய்வகத்துக்குத் திரும்பியதும் கேமராவுக்கு முன்னாலேயே சிங்க்கில் வடித்துக் கொட்டினேன். வெள்ளைப் படிவை வெயிலில் வைத்தோம், கருஞ்சாம்பலாக மாறியது. செம்பு உள்ளே இறங்குகிறது என்று அறிவித்தேன். கிருமி வளர்த்த தட்டில் ஒரு துளி வைத்தோம். சுற்றிலும் கிருமி செத்து ஒரு வட்டம் விழுந்தது. அந்த வட்டத்தின் புகைப்படத்தைத் தாளாளர் தன் முகத்துக்குப் பின்னால் ஒளிவட்டமாகப் போட்டு பேனர் அடித்தார். கற்றாழைக் கூழில் குழைத்துச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்தோம். விருந்தினர்களுக்குக் காட்டுவதற்கு மட்டும் என்று வினோதினி ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் பேனாவால் எழுதினாள். டப்பாவின் அடியை நம் ஊரில் யார் பார்க்கிறார்கள்?

அதில் ஒரு டப்பா காசிக்குப் போனது.

காசி என் மனைவியின் தம்பி. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாகவே சுக்கு காபிக் கடை வைத்திருக்கிறான். பல வருடச் சர்க்கரை. ஆனாலும் பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலையைச் சுற்றுவான். முந்தின பௌர்ணமியில் இடது கால் சுண்டு விரலுக்கு அடியில் ஏதோ குத்தியிருக்கிறது. சர்க்கரைக்காரன் பாதத்தில் உணர்ச்சி ஏது? வீட்டுக்கு வந்து ஜோதி பார்த்துச் சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. ஜோதியம்மாள் அவன் மனைவி. அவள் அவனை இழுத்துக்கொண்டு போய் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டுப் போட வைத்தாள். ஆறிக்கொண்டுதான் வந்தது.

பத்து நாள் கழித்து அந்த டப்பாக்களைக் காட்ட நடந்த பாராட்டு விழாவின் பந்தியில் கேசரி சாப்பிடும்போது காசி கட்டுப் போட்ட காலைக் காட்டினான். "மாமா, இவ்ளோ பெரிய ஆளுங்க நீங்க. என் காலுக்கு ஒண்ணு குடுக்கக் கூடாதா?"

அன்றும் போர்த்திய சால்வையை நான் கழற்றியிருக்கவில்லை. மேசை மேல் இருந்த டப்பாவை எடுத்து, சுற்றி நிற்பவர்கள் பார்க்கும்படி, அவன் கையில் வைத்தேன். "பூசு மச்சான்" என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தாதே என்றும் சொன்னேனா? சொன்ன மாதிரியும் இருக்கிறது. சொல்லாத மாதிரியும் இருக்கிறது. கேசரி நன்றாக இருந்தது என்பது மட்டும் உறுதியாக நினைவில் இருக்கிறது.

கார்த்திகை பிறந்து, தீபத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த வாரத்தில், சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருந்த மாதிரியின் எக்ஸ்-ரே ஆய்வு முடிவு வந்தது. வினோதினி மடிக்கணினியைத் திறந்தபடியே என் அறைக்குள் வந்தாள்.

"இன்னா வந்திருக்கு? கலந்திருக்கா, பாதிப்பாதியா?" என்றேன்.

"ரெண்டும் இல்ல சார். சில்வர் குளோரைடு."

எழுந்து மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டிவைத்தேன்.

வெள்ளி நைட்ரேட்டில் உப்புத் தண்ணீர் பட்டால் தயிர் போல வெள்ளையாய் ஒன்று திரளும். வெயில் பட்டால் கருக்கும். அதுதான் வெள்ளிக் குளோரைடு. பிளஸ் டூ படித்த எந்தப் பிள்ளையும் சோதனைக் குழாயில் செய்து பார்த்த விஷயம். என் ஆசிரிய வாழ்க்கை முழுக்க, அதைத் தப்பாக எழுதியவர்களின் தாளில் நான் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். சிலர் அழுதும் இருக்கிறார்கள்.

"காப்பரு?"

"இல்ல சார். சுத்தமா இல்ல. நீலமா மேல நின்னுச்சே, வடிச்சு சிங்க்ல ஊத்தினோமே, அதான் சார் காப்பர்."

"யாரு ஊத்தினது?"

"நீங்கதான் சார். கேமராவ பாத்து சிரிச்சிகினே ஊத்தினீங்க. வீடியோல கூட இருக்கு."

ஆக, இரண்டு உலோகம் என்று உலகத்துக்கு அறிவித்தேன். ஒன்று சாக்கடை வழியாக ஏரிக்குப் போய்விட்டது. மற்றது உலோகமாகவே இல்லை, உப்பாக உட்கார்ந்திருக்கிறது.

"கிருமி செத்துச்சேம்மா?"

"இதுவும் கொல்லும் சார், கொஞ்சம். தட்டுல கொல்லும். புண்ணுல கொல்லுமானு யாரு பாத்தா? நம்ம பாக்கலியே." அவள் மடிக்கணினியை மூடினாள். "சார், வெளிய சொல்லிடணும்ல?"

"சொல்லலாம். தீபம் முடியட்டும்."

என் பதில் எனக்கே பிடித்திருந்தது. நிதானமானவன் பேசுவது போல ஒலித்தது. அந்த நிதானம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. ஜோதி போன் செய்தாள்.

"அண்ணா, ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா? இவரு கால்ல வாடை அடிக்குது."

"கட்டு மாத்தப் போறானா இல்லியா?"

"எங்க போறாரு? நீங்க மருந்து குடுத்ததுலேர்ந்து அந்தப் பக்கமே போறதில்ல. கேட்டா, ‘மாமா மருந்த உட்டுட்டு அந்தப் பஞ்சையும் மஞ்சத் தண்ணியையும் வச்சுக் கட்டணுமா’ன்றாரு. நேத்துலேர்ந்து குளுர் காய்ச்சல் வேற."

போகும்போது ஆய்வகத்திலிருந்து வெள்ளி நைட்ரேட் சின்னப் புட்டி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நம்பாதவனைச் சோதனை செய்து காட்டி நம்பவைக்கலாம் என்பது வாத்தியார்களின் பழைய மூடநம்பிக்கை.

பாதையில் இரண்டு பக்கமும் புதுக் கடைகளுக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார்கள். காசி கடையில், அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டான். அந்த மலர்ச்சியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. துணியை விலக்கினேன். சாம்பல் நிறத்தில் என் கண்டுபிடிப்பு அப்பியிருந்தது. அதற்கு அடியில் சுண்டு விரல் கறுத்திருந்தது. சிவப்பு கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தது.

"கெளம்பு மச்சான். பெரியாஸ்பத்திரிக்கு."

"தீபம் முடியட்டும் மாமா. கடைக்கு இதான் சீசன். அப்பால நான் மலை சுத்தணும்."

"இந்தக் காலோடயா?"

"மருந்து வேலை செய்யுதில்ல? கருப்பாவுது பாருங்க. கெட்டதெல்லாம் வெளிய வருது."

"அது வெளிய வர்றதில்ல. விரல் செத்துட்டிருக்கு. காசி, நான் சொல்றத கேளு. அது மருந்து இல்ல. அதுல ஒண்ணுமே இல்ல. எனக்கே ஒண்ணும் தெரியாம பண்ணிட்டேன்."

காசி சிரித்தான். கடையில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு யாத்திரிகரிடம் திரும்பினான். "பாத்தீங்களா? எவ்ளோ கண்டுபுடிச்சாலும் ஒண்ணுமே தெரியாதுன்றாரு. இதான் எங்க மாமா."

யாத்திரிகர் என்னை உற்றுப் பார்த்தார். செல்போனை எடுத்தார். "சாரு… அந்த வீடியோல விபூதி வரவச்சது நீங்கதானே? எங்க சம்சாரத்துக்கு முட்டில ஒரு புண்ணு சார். ஒரே ஒரு டப்பா…"

"ஐயா, அது வெறும் உப்பு."

"உப்புலயே பண்ணீங்களா!"

"நான் எதையும் பண்ணல!"

"பெரியவங்க அப்படித்தான் சொல்வாங்க" என்று அவர் கைகூப்பினார். குனிந்து காலைத் தொடப் போனவரைத் தடுக்க நான் பின்வாங்கி, பால் குண்டானில் இடித்துக்கொண்டேன்.

வேறு வழியில்லை என்று புட்டியை எடுத்தேன். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டேன். எலுமிச்சை ஜூஸுக்கு வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினேன். "இதோ பாரு காசி. சும்மா உப்புத் தண்ணி. இதுல இதைச் சொட்டு விடறேன். அன்னைக்கு மேடையில நடந்தது இதான்." சொட்டு விட்டேன். டம்ளர் பாலாய்த் திரண்டது. இயற்கை விதிகள் என்னைக் கைவிடவில்லை. கைவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடையைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. "அரோகரா" மறுபடியும் கேட்டது. காசிக்குக் கண் கலங்கிவிட்டது. "என் கடை உப்புலயே வரவச்சுட்டீங்களே மாமா" என்றான்.

பிறகு நான் விளக்கினேன். அயனிகள் பற்றி, வீழ்படிவு பற்றி, செம்பு எப்படிச் சிங்க்கில் போனது என்பது பற்றி, தட்டில் சாகும் கிருமிக்கும் காலில் வாழும் கிருமிக்கும் உள்ள வித்தியாசம் பற்றி. எல்லாம் சரியான தகவல்கள். எல்லோரும் பயபக்தியோடு கேட்டார்கள். ஒருத்தர் ரெக்கார்டு செய்தார். நான் எவ்வளவு தெளிவாக என்னைக் கீழே இறக்கினேனோ, அவ்வளவு உயரத்தில் போய் உட்கார்ந்தேன். என் பேச்சில் கோளாறு இருந்தது. உண்மையையும் நான் மேடைக் குரலில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதுவரை ஜோதி அடுப்படியில் வேலையாக இருந்தாள். காபி ஆற்றுவதை நிறுத்திவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி என் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணா. உங்களுக்கும்தான் சக்கரை கீது."

"ஆமாம்மா."

"நாளைக்கி உங்க கால்ல இதே மாதிரி ஆனா, இதைப் பூசுவீங்களா?"

"மாட்டேன்."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அடைமொழி எதுவும் இல்லை. என் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன உரை.

யாத்திரிகர் செல்போனைப் பைக்குள் வைத்தார். காசி என் முகத்தையே பார்த்தான். மலர்ச்சி போய்விட்டிருந்தது.

"அப்ப எனக்கு ஏன் மாமா குடுத்தீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். வழி கேட்கிற மாதிரி கேட்டான்.

"சால்வை போத்தியிருந்தாங்க மச்சான்" என்றேன். அதைவிட உண்மையான பதில் என்னிடம் இல்லை.

அவன் காலைத் தரையில் ஊன்றப் பார்த்தான். ஜோதி தோளைப் பிடித்துக்கொண்டாள். "கடைய நான் பாத்துக்கறேன். மலை எங்கயும் போவாது. எழுந்துருங்க." ஒரு ஆட்டோக்காரர் வண்டியைக் கடை வாசலுக்கே கொண்டுவந்தார். ஏறும்போது காசி என் தோளில்தான் கை போட்டான். அதற்கு நான் தகுதியானவன் இல்லை, ஆனால் அந்த உயரத்தில் வேறு தோள் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஜீனத் என்ற பெண் டாக்டர் பார்த்தார். நடுவயது, அவசரமில்லாத கைகள். சாம்பல் பூச்சைக் கழுவித் துடைத்துவிட்டு, "இது மேல இன்னா போட்டீங்க?" என்றார்.

"நானோ, டாக்டரம்மா" என்றான் காசி. "ரெண்டு மெட்டலு. நல்ல மருந்துதான். நான்தான் சரியா பூசல போல."

அவன் எனக்காகப் பொய் சொல்கிறானா, இன்னும் நம்புகிறானா என்று தெரியவில்லை. இரண்டில் எது என்றாலும் எனக்கு நல்லதில்லை.

டாக்டர் ஆரம்ப சுகாதார நிலையத்துக் கட்டுச் சீட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க?"

"அக்கா வீட்டுக்காரர்" என்றேன். துறைத் தலைவர் என்பதைச் சேர்க்காமல் என்னை நான் அறிமுகப்படுத்திக்கொண்டது அதுதான் முதல் தடவை. காசி விடவில்லை. "புரொபசருங்க. அவருதான் கண்டுபுடிச்சாரு."

"வெள்ளி கலந்த ஆயின்மென்ட் எங்ககிட்டயே இருக்கு சார்" என்றார் டாக்டர். குரலில் நக்கல் இல்லை; இருந்திருந்தால் தேவலை. "ரொம்ப வருஷமா இருக்கு. அதை மட்டும் பூசி யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். செத்த சதைய எடுக்கணும், சுகர் கம்மியாவணும், கட்டு மாத்தணும், ரத்த ஓட்டம் பாக்கணும். ஒழுங்கா கட்டு மாத்திட்டிருந்தவரை ஏன் நிறுத்தினீங்க?"

நான் சட்டைப்பையில் இருந்த புட்டியை உள்ளே தள்ளினேன்.

"காலைக் காப்பாத்திடலாம்னு நெனக்கறேன்" என்றார். "விரல் கஷ்டம். ஸ்கேன் பாத்துட்டு சொல்றேன்."

வெளியே வராந்தாவில் நிற்கும்போது தாளாளரின் அழைப்பு வந்தது. தீபத்துக்கு வரும் பிரமுகர் ஒருவர் கையால் களிம்பை வெளியிட ஏற்பாடு ஆகிவிட்டதாம். மேடையில் அர்த்தநாரி உருவம் ஒன்றைத் தெர்மாக்கோலில் செய்யச் சொல்லியிருக்கிறாராம், ஒரு பாதிக்கு வெள்ளி பெயிண்ட், மறு பாதிக்குச் செம்பு பெயிண்ட்.

"ஐயா, ரிசல்ட் வந்துடுச்சுங்க. அதுல செம்பே இல்ல. வெள்ளியும் உப்பாத்தான் இருக்கு. என் மச்சான் பூசினதுல விரல் போற நிலைமை. வெளியிட வேணாங்க."



"எந்த விரலு?"

"சுண்டு விரலுங்க. கால்ல."

"அது நம்ம களிம்பாலதான்னு டாக்டரு எதுனா எழுதினாரா?"

"எழுதலீங்க. நான் சொல்றேன்."

"நீங்க ஏன் சொல்றீங்க?" என்றார், உண்மையான குழப்பத்தோடு. பிறகு குரலைத் தணித்தார். "சரி. உள்ள இருக்கறத மாத்திக்கலாம். பேர மட்டும் வச்சிக்கலாம். பேரு நல்லா கீது."

நான் போனை வைத்துவிட்டு, கல்லூரியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி எழுதினேன். அர்த்தநாரி களிம்பில் இரண்டு உலோகமும் இல்லை. அது வெள்ளிக் குளோரைடு. ஆய்வைச் செய்த நான் தவறு செய்துவிட்டேன். யாரும் அதைப் பூச வேண்டாம். பூசியிருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கவும். வினோதினிக்கு முதலில் அனுப்பிக் காட்டினேன். "கரெக்டா இருக்கு சார். ‘செய்துவிட்டேன்’ன்ற இடத்துல என் பேர சேக்காததுக்கு தேங்க்ஸ்" என்று பதில் போட்டாள். குழுவில் போட்டேன். இயற்பியல் துறைத் தலைவர் உடனே கைகூப்பும் படம் அனுப்பினார். தமிழ்த் துறை, "தங்கள் சாதனைப் பயணம் தொடரட்டும்" என்றது. விளையாட்டு ஆசிரியர் மூன்று தீச்சுடர் போட்டார். வரிசையாக வாழ்த்துகள் வந்துகொண்டிருந்தன. ஒருவர்கூடப் படிக்கவில்லை. கடைசியில் வினோதினி அதையே பெரிய எழுத்தில், ‘களிம்பைப் பூசாதீர்கள்’ என்ற முதல் வரியோடு மறுபடி போட்ட பிறகுதான் குழு ஊமையானது. கொஞ்ச நேரத்தில் தாளாளர் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்.

உள்ளே போனேன். காசிக்குச் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஜோதி கடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்திருந்தாள். சாத்துக்குடி உரித்து நீட்டினாள். காசி ஒரு சுளையை எனக்குக் கொடுத்தான்.

"விரல் போனாலும் நடக்கலாமா மாமா?"

"நடக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க."

"நீங்க இன்னா சொல்றீங்க?"

"எனக்குத் தெரியாது மச்சான்."

அவன் தலையாட்டினான். அன்று நான் சொன்னதில் அந்தப் பதில் மட்டும்தான் அவனுக்கு ஆறுதலாக இருந்தது போலத் தெரிந்தது. சுளையை மென்றுகொண்டே கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலை அவனுடைய இடது கால் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.